ஸ்டீபன் கிளக்ஸ்டன்: கோல் வாசலில் தொடங்கிய ஆட்டம்

கேள்வி இதுதான்: கேலிக் கால்பந்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று பேச்சு வந்தால், டப்ளின் அணியின் ஸ்டீபன் கிளக்ஸ்டன் பெயரும் அடிபடுகிறது. அவர் ஒரு கோல்கீப்பர். கோல் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, கோல்கீப்பரை ஏன் சொல்கிறார்கள்? அவருடைய ஆட்ட வாழ்க்கையை விவரமாகச் சொல்ல முடியுமா?

அவர் தடுத்த பந்துகளைவிட அவர் உதைத்த பந்துகள்தான் அதற்குக் காரணம். ஆனால் இது புரிய, முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கேலிக் கால்பந்து அயர்லாந்தின் சொந்த ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிதான் எடுத்து வைக்கலாம். அதற்குப் பிறகு தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அல்லது காலில் விட்டு மறுபடி கைக்கு எடுக்க வேண்டும், அல்லது யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே இரண்டு தூண்களுக்கும் நடுவில் போனால் 1 புள்ளி (2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் 2). அதனால்தான் ஸ்கோரை 1-12 என்று எழுதுகிறார்கள். ஒரு கோல், பன்னிரண்டு புள்ளி, ஆக மொத்தம் 15. கவுன்டி (மாவட்டம் மாதிரி) அணிகள் மோதும் ஆட்டம் 70 நிமிடம் நடக்கும்.

இன்னொன்று, இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. 1884இல் தர்ல்ஸ் என்ற ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம்தான் இன்றும் இந்த ஆட்டத்தை நடத்துகிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் கவுன்டிக்காக ஆடுகிறார்கள். 82,000 பேர் உட்காரும் டப்ளின் குரோக் பார்க் அரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி ஆடுகிறவர், பிறகு அவரவர் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்தான். கிளக்ஸ்டன் டப்ளினில் பள்ளி ஆசிரியர், அறிவியல் பாடம் எடுப்பவர். இருபது வருடத்துக்கும் மேலாக அவர் செய்த பயிற்சி எல்லாம் வேலை முடிந்த பிறகு செய்ததுதான். அவருடைய சாதனைப் பட்டியலைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்கோருக்குப் பிறகும், பந்து கோட்டுக்கு வெளியே வீணாகப் போன ஒவ்வொரு முறையும், கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்து உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். இதற்கு கிக்-அவுட் என்று பெயர். புள்ளிகள் நிறைய விழும் ஆட்டம் என்பதால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஆட்டத்தில் நாற்பது ஐம்பது கிக்-அவுட் வந்துவிடும். பல தலைமுறைகளாக கோல்கீப்பர்கள் இதற்குச் செய்ததெல்லாம் ஒன்றுதான்: பலத்தையெல்லாம் திரட்டி, முடிந்த அளவு தூரமாக, மைதானத்தின் நடுப்பகுதிக்கு உதைத்து அனுப்புவது. அங்கே இரண்டு அணியின் உயரமான ஆட்களும் எகிறிக் குதிப்பார்கள். யார் பிடிக்கிறாரோ அவர் அணிக்குப் பந்து. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கெர்ரி கவுன்டியின் மிக் ஓ'கானல் போன்றவர்களின் பெயர் நிலைத்ததே அந்தப் பிடிப்புகளால்தான். ஆனால் பந்து எந்தப் பக்கம் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. தன் கையில் இருக்கும் பந்தைப் பாதிக்குப் பாதி எதிரணிக்குக் கொடுத்துவிடும் ஏற்பாடு அது. இந்த வழக்கத்தை வேரோடு மாற்றியவர் கிளக்ஸ்டன். அவர் ஒருவர்தான் இதை யோசித்தார் என்று சொல்ல வரவில்லை. குறுகிய கிக்-அவுட்டை மற்றவர்களும் அங்கங்கே முயன்றிருக்கிறார்கள். ஆனால் ஓர் அணியின் முழு ஆட்டத்தையும் அதன்மேல் கட்டி, வருடக்கணக்கில் ஜெயித்துக் காட்டியது அவருடைய காலோடுதான் நடந்தது.

அவர் பிறந்தது 1981 டிசம்பரில். வடக்கு டப்ளின்காரர், பார்னெல்ஸ் கிளப்பின் பிள்ளை. 2001 கோடையில் லாங்ஃபர்டுக்கு எதிராக டப்ளினுக்காக முதல் சாம்பியன்ஷிப் ஆட்டம் ஆடினார். வழக்கமான கோல்கீப்பர் காயத்தில் இருந்ததால் வந்த வாய்ப்பு. அடுத்த வருடமே பயிற்சியாளர் டாமி லயன்ஸ் அவரையே முதல் தேர்வாக்கிவிட்டார். 2002இல் டப்ளின் லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தை வென்றது. அகில அயர்லாந்து அரையிறுதியில் ஆர்மாவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. ரே காஸ்க்ரோவ் கடைசியில் உதைத்த ஃப்ரீ கிக் தூணில் பட்டுத் திரும்பியதை டப்ளின்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த வருடம் கிளக்ஸ்டனுக்கு முதல் ஆல் ஸ்டார் விருது கிடைத்தது. நாட்டின் சிறந்த பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் விருது அது. அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

2003இல் சறுக்கல் வந்தது. அதே ஆர்மாவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரைக் காலால் உதைக்கப் போனதற்காக சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். டப்ளின் அன்று தோற்று, அந்தப் பருவமும் முடிந்துபோனது. பழி பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுந்தது. பிற்காலத்தில் பதற்றமே இல்லாத மனிதர் என்று பெயர் எடுத்தவர், தொடக்கத்தில் இப்படியும் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஐந்து முறை டப்ளின் லென்ஸ்டர் பட்டம் வென்றது. ஆனால் மாகாணத்தைத் தாண்டினால் ஒன்றும் நடக்காது. 2006 அரையிறுதியில் மேயோவிடம் ஒரு புள்ளியில் தோல்வி. 2007 அரையிறுதியில் கெர்ரியிடம் தோல்வி. 2008 காலிறுதியில் டிரோனிடம் பெரிய அடி. 2009 காலிறுதியில் கெர்ரி 1-24 அடிக்க, டப்ளினால் 1-7தான் முடிந்தது. 2010இல் லென்ஸ்டர் அரையிறுதியில் மீத் அணி கிளக்ஸ்டனைத் தாண்டி ஐந்து கோல் போட்டது. அவருடைய கதையைச் சொல்கிறவர்கள் பொதுவாக 2011இல் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்து வருடம் தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியில் இருந்தும் அவர் ஆல் ஸ்டார் வாங்கிக்கொண்டிருந்தார், 2006இலும் 2007இலும். அந்த வருடங்களில்தான் அவருடைய காலும் கண்ணும் பழகின.

2011 செப்டம்பர் 18. குரோக் பார்க்கில் டப்ளினும் கெர்ரியும் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி ஆடின. டப்ளின் கடைசியாகக் கோப்பை வென்றது 1995இல். பயிற்சியாளர் பாட் கில்ராய், கிளக்ஸ்டனைத் தூரத்து ஃப்ரீ கிக்குகளையும் '45' என்ற உதையையும் எடுக்க வைத்திருந்தார். தடுக்கிற அணி பந்தைத் தன் கோல் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால், எதிரணிக்கு 45 மீட்டர் கோட்டிலிருந்து கிடைக்கும் உதை அது. கோல்கீப்பர் தன் வாசலை விட்டு மைதானத்தின் மறுபக்கம் வரை ஓடி வந்து உதைத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். அன்று ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது கெர்ரி நான்கு புள்ளி முன்னால் இருந்தது. மாற்று ஆட்டக்காரராக வந்த கெவின் மக்மனமன் ஒரு கோல் போட்டார். கெவின் நோலன் சமன் செய்தார். பெர்னார்ட் புரோகன் டப்ளினை முன்னால் கொண்டுபோனார். கெர்ரியின் கீரன் டொனாஹி ஓரத்திலிருந்து உதைத்து மறுபடி சமன் செய்தார். காயநேரமும் ஓடிக்கொண்டிருந்தபோது டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது, நாற்பது மீட்டருக்குக் கிட்டத்தட்ட.

கிளக்ஸ்டன் தன் கோல் வாசலிலிருந்து மெதுவாக ஓடி வந்தார். பந்தை வைத்தார், பின்னால் நடந்தார், இடது காலால் உதைத்தார். பந்து தூண்களுக்கு நடுவில் போயிற்று. 1-12க்கு 1-11. அரங்கம் அதிர்ந்துகொண்டிருக்க, அவர் திரும்பித் தன் வாசலுக்கு ஓடிப் போனார். கையைத் தூக்கவில்லை, யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. இன்னும் சில நொடிகள் ஆட்டம் இருந்தது, கோல் காலியாக இருந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. பதினாறு வருடக் காத்திருப்பை ஒரு கோல்கீப்பரின் இடது கால் முடித்து வைத்தது. அந்த வருடமும் ஆல் ஸ்டார்.

2013இல் ஜிம் கேவின் பயிற்சியாளராக வந்ததும் கிளக்ஸ்டனைக் கேப்டனாக்கினார். நன்றாகப் பேசத் தெரிந்தவரை, முன்வரிசையில் பளிச்சென்று தெரிகிறவரைக் கேப்டனாக்குவதுதான் பல அணிகளில் வழக்கம். கிளக்ஸ்டனோ பேட்டியே கொடுக்காதவர். கோப்பையை வாங்கும்போது பேச வேண்டிய சம்பிரதாயப் பேச்சைத் தவிர பொதுவில் அவர் குரலைக் கேட்பதே அரிது. கேவின் அவரிடம் கண்டது வேறு. இந்த அணியின் ஒவ்வொரு தாக்குதலும் கோல்கீப்பர் காலில்தான் தொடங்கப் போகிறது என்றால், அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் தலைவராக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

அவருடைய கிக்-அவுட் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். முதலாவது, வேகம். பந்து வெளியே போன அடுத்த கணமே இன்னொரு பந்தை எடுத்து வைத்திருப்பார். எதிரணி தன் ஆட்களைப் பிடித்து நிற்பதற்குள் பந்து போய்விடும். இரண்டாவது, இடம். ஆளைப் பார்த்து உதைப்பதில்லை. ஆள் ஓடி வந்து சேரப் போகிற வெற்றிடத்தைப் பார்த்து உதைப்பார். டப்ளின் ஆட்டக்காரர்கள் ஒருவர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடி, இன்னொருவருக்கு இடம் ஏற்படுத்திக் கொடுப்பார்கள். அந்த ஓட்டங்களை எல்லாம் பார்த்து, எது உண்மையான வாய்ப்பு என்று ஒரு நொடியில் முடிவெடுப்பது அவர் வேலை. மூன்றாவது, உதையின் வகை. பக்கத்தில் இருக்கும் கடைசித் தடுப்பாளருக்குத் தள்ளிக் கொடுப்பதும் முடியும். பக்கக்கோட்டு ஓரமாக நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்தில் ஓடுகிறவரின் நெஞ்சுக்குத் தாழ்வாக, வேகமாக அனுப்புவதும் முடியும். இந்த இரண்டாவது வகைதான் கடினம். காற்றில் மிதந்து போனால் எதிராளி வந்து சேர்ந்துவிடுவார்.

இதன் பலனைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரணி ஒரு புள்ளி எடுத்தால், உடனே பந்து டப்ளினிடம் வந்துவிடுகிறது. அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் மறுமுனையில் ஒரு புள்ளி. தொடர்ந்து இரண்டு மூன்று புள்ளி எடுத்து ஆட்டத்தைத் தங்கள் பக்கம் திருப்புவது என்பது எதிரணிக்கு மிகவும் அரிதாகிவிட்டது.

இதை முறியடிக்க எல்லோரும் முயன்றார்கள். சிலர் ஜெயிக்கவும் செய்தார்கள். 2014 அரையிறுதியில் ஜிம் மக்கின்னஸ் பயிற்சி கொடுத்த டோனகால் அணி 3-14க்கு 0-17 என்று டப்ளினை வீழ்த்தியது. டப்ளின் நிறையப் பேரை முன்னால் அனுப்புவதையும், பின்னால் இடம் காலியாக இருப்பதையும் பயன்படுத்தி மூன்று கோல் போட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு கேவின் பின்வரிசையில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தத் தொடங்கினார். அடுத்த ஆறு வருடம் டப்ளின் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2016 அரையிறுதி. அதுவும் கெர்ரியோடுதான். இடைவேளை நெருங்கும் சமயத்தில் கெர்ரி முன்வரிசை முழுவதும் மேலே ஏறி, கிளக்ஸ்டன் உதைக்கக்கூடிய ஒவ்வொரு ஆளையும் பிடித்துக்கொண்டது. அவருடைய கிக்-அவுட்டுகள் ஒவ்வொன்றாகக் கெர்ரி கைக்குப் போயின. இரண்டு கோல் விழுந்தது. இடைவேளையில் 2-8க்கு 0-9, டப்ளின் ஐந்து புள்ளி பின்னால். அவரைக் குறி வைத்து அவரையே உடைத்துவிட்டதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். இரண்டாம் பாதியில் அவர் அதே நிதானத்தோடு வந்து நின்றார். நீளமாக உதைக்க வேண்டிய இடத்தில் நீளமாக, குறுக்கே கொடுக்க வேண்டிய இடத்தில் குறுக்கே. டப்ளின் 0-22க்கு 2-14 என்று இரண்டு புள்ளியில் வென்றது. ஒரு கோல்கூடப் போடாமல், இரண்டு கோல் வாங்கிய பிறகு வந்த வெற்றி.

அதே வருட இறுதிப் போட்டியில் நடந்த ஒரு விஷயம், அவர் ஆட்டத்தை எவ்வளவு மாற்றியிருந்தார் என்பதைக் காட்டுகிறது. மேயோவும் டப்ளினும் முதல் ஆட்டத்தில் சமமாக முடித்ததால் அக்டோபர் 1 அன்று மறு ஆட்டம். மேயோவின் கோல்கீப்பர் டேவிட் கிளார்க் பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரர். மறு ஆட்டத்துக்கு மேயோ அவரை உட்கார வைத்துவிட்டு ராப் ஹென்னலியை இறக்கியது. ஹென்னலியின் உதை நீளமானது, கிக்-அவுட்டுக்கு அவர் உதவுவார் என்ற எண்ணம். இரண்டாம் பாதியில் ஹென்னலி உயரமாக வந்த ஒரு பந்தை நழுவ விட்டு, எதிராளியை இழுத்துப் போட்டு, கறுப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அதற்குக் கிடைத்த பெனால்டியை டப்ளினின் டியர்முட் கானலி கோலாக்கினார். டப்ளின் 1-15க்கு 1-14, ஒரே புள்ளியில் வெற்றி. அந்த வருடத்தின் ஆல் ஸ்டார் கோல்கீப்பர் யார் தெரியுமா? உட்கார வைக்கப்பட்ட டேவிட் கிளார்க். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரை, இறுதிப் போட்டியில், உதைக்கிற திறமைக்காக மட்டும் மாற்றத் துணிகிறார்கள் என்றால், எதிரில் நிற்கும் கோல்கீப்பர் எல்லோருடைய மனதிலும் எந்த அளவுக்குப் புகுந்திருந்தார் என்று பாருங்கள். அந்த ஹென்னலி பிறகு 2021இல் டப்ளினுக்கு எதிரான அரையிறுதியில் கடைசி நேரத்தில் ஒரு நெடுந்தூர 45ஐ அடித்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார், மேயோ வென்றது. அவருக்காக நான் சந்தோஷப்பட்டேன்.

2017இல் மறுபடி மேயோ, மறுபடி ஒரு புள்ளி வித்தியாசம். 2018இல் டிரோன். அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் டிரோனும் கிக்-அவுட்டை நெருக்கி 0-5க்கு 0-1 என்று முன்னேறியது. முடிவில் டப்ளின் 2-17க்கு 1-14. அதே பருவத்தில் லாங்ஃபர்டுடன் நடந்த ஆட்டத்தில் மோதல் ஒன்றில் காயம்பட்டு வெளியேறிய கிளக்ஸ்டன், மாகாண இறுதி ஆட்டத்தைத் தவறவிட்டுத்தான் திரும்பியிருந்தார்.

அப்புறம் 2019. தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வெல்வது என்பது அந்த நாள்வரை யாருக்கும் வாய்க்காதது. 1982இல் கெர்ரி அதன் வாசல் வரை போய், ஆஃபலியின் ஷேமஸ் டார்பி கடைசி நிமிடங்களில் போட்ட ஒரு கோலால் இழந்தது. இப்போது டப்ளினைத் தடுக்க வந்ததும் கெர்ரிதான். செப்டம்பர் 1 அன்று முதல் ஆட்டம். டப்ளின் ஒருவரை இழந்து பதினான்கு பேரோடு பாதி ஆட்டத்துக்கு மேல் ஆட வேண்டி வந்தது. அதற்கு முன்பே முதல் பாதியில் பால் கீனி எடுத்த பெனால்டியைக் கிளக்ஸ்டன் தடுத்திருந்தார். ஆட்டம் 1-16க்கு 1-16 என்று முடிந்தது. அந்த ஒரு தடுப்பு இல்லையென்றால் ஐந்தாவது கோப்பை இல்லை என்றே நான் சொல்வேன். உதைப்பதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், அவர் தடுப்பதிலும் எவருக்கும் குறைந்தவர் இல்லை. மறு ஆட்டம் செப்டம்பர் 14, டப்ளின் 1-18க்கு 0-15.

அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆல் ஸ்டார் விருதுகளோடு கொடுக்கப்படும் அந்தப் பட்டம் அதுவரை எந்தக் கோல்கீப்பருக்கும் போனதில்லை. அப்போது அவருக்கு வயது 37.

2020 இறுதிப் போட்டி டிசம்பர் 19 அன்று நடந்தது. கொரோனா காலம், அரங்கம் காலி. பயிற்சியாளரும் மாறியிருந்தார், கேவின் போய் டெஸ்ஸி ஃபாரல் வந்திருந்தார். கிளக்ஸ்டன் 39ஐ முடித்து இரண்டு நாள். மேயோவை 2-14க்கு 0-15 என்று வென்று ஆறாவது தொடர் கோப்பை. கேப்டனாக அவருக்கு அது ஏழாவது: 2013, 2015 முதல் 2020 வரை. வேறு எந்தக் கேப்டனும் இதற்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. மொத்தத்தில் எட்டாவது பதக்கம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆண்ட கெர்ரி அணியில் ஐந்து பேர் வைத்திருந்த எட்டுப் பதக்கச் சாதனையை எட்டிவிட்டார்.

பிறகு அவர் வரவில்லை. 2021இல் அணியில் இல்லை. ஓய்வு அறிவிப்பு இல்லை, பிரியாவிடை இல்லை, அறிக்கை இல்லை. இன்னொருவர் கோல் வாசலில் நின்றார். டப்ளின் அந்த வருடம் மேயோவிடமும், அடுத்த வருடம் கெர்ரியிடமும் அரையிறுதியில் தோற்றது. நடுவரிசையின் பிரையன் ஃபென்டன் 2015இல் அறிமுகமாகி ஒரு சாம்பியன்ஷிப் தோல்வியைக்கூடப் பார்க்காமல் இருந்தவர். கிளக்ஸ்டன் இல்லாத முதல் வருடத்தில்தான் அவர் முதல் முறையாகத் தோற்றார். இதற்கு வேறு காரணங்களும் உண்டு, அணிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் இந்தத் தகவலை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

2023 ஏப்ரல் 2. லீக் இரண்டாம் பிரிவு இறுதியில் டெர்ரிக்கு எதிராக டப்ளின் ஆட இருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் கிளக்ஸ்டன் இருந்தார். வந்தபோதும் முன்னறிவிப்பு இல்லை. 41 வயதில், சாம்பியன்ஷிப் தொடங்கியதும் மறுபடி முதல் கோல்கீப்பர். ஜூலை 30 அன்று கெர்ரியை 1-15க்கு 1-13 என்று வென்றபோது, அவரும் ஜேம்ஸ் மெக்கார்த்தியும் மைக்கேல் ஃபிட்ஸ்சிமன்ஸும் ஒன்பது பதக்கம் வைத்திருக்கும் முதல் மூவர் ஆனார்கள். அன்று கோப்பையைத் தூக்கிய கேப்டன் மெக்கார்த்தி. கிளக்ஸ்டனுக்கு அந்த வருடமும் ஆல் ஸ்டார் கிடைத்தது. முதல் ஆல் ஸ்டாருக்கும் இதற்கும் நடுவில் 21 வருடம். 2024இலும் ஆடினார், காலிறுதியில் கால்வேயிடம் ஒரு புள்ளியில் டப்ளின் தோற்றது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டப்ளின் மற்ற கவுன்டிகளைப் போல இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள், பெரிய விளம்பர நிறுவனங்கள் வருகின்றன, சிறுவர் பயிற்சிக்குச் சங்கமே பல வருடம் மற்ற கவுன்டிகளைவிடப் பல மடங்கு பணம் கொடுத்தது. முக்கியமான ஆட்டங்கள் குரோக் பார்க்கில், அதாவது அவர்கள் சொந்த ஊரில். டப்ளினை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றே பேச்சு எழுந்தது. இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. லாங்ஃபர்டிலோ லீட்ரிமிலோ பிறந்திருந்தால் கிளக்ஸ்டனுக்கு ஒன்பது பதக்கம் கிடைத்திருக்காது. ஆனால் அந்தக் கிக்-அவுட்டைப் பணம் உதைக்கவில்லை. 2001இலிருந்து 2010 வரை அதே பெரிய நகரம், அதே மக்கள் தொகை, ஒரு அகில அயர்லாந்துக் கோப்பைகூட வரவில்லை. சிறந்தவர் யார் என்ற கேள்விக்குப் பதக்கத்தை எண்ணுவதைவிட, அவர் வருவதற்கு முன் ஆட்டம் எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது என்று பார்ப்பது நல்லது. இன்று டிரோனின் நியல் மார்கன், மோனகனின் ரோரி பெக்கன் போன்ற கோல்கீப்பர்கள் வாசலை விட்டு வெளியே வந்து, நடுமைதானம் தாண்டிப் போய், ஓடுகிற ஆட்டத்தில் புள்ளியே எடுக்கிறார்கள். கிளக்ஸ்டன் அவ்வளவு தூரம் சுற்றித் திரிந்தவர் இல்லை. ஆனால் கோல்கீப்பரை நம்பி ஓர் அணியின் திட்டத்தையே ஒப்படைக்கலாம் என்ற துணிச்சல் அவரைப் பார்த்துத்தான் வந்தது.

விதிகளும் அவரைத் துரத்திக்கொண்டே வந்தன. 2017இல், 45 மீட்டர் கோட்டுக்கு அப்பால் கிக்-அவுட்டைச் சுத்தமாகப் பிடிக்கிறவருக்கு ஒரு ஃப்ரீ கிக் என்று கொண்டுவந்தார்கள். நீளமாக உதைக்கக் கொடுத்த ஊக்கம் அது. 2025இல் அதைவிடப் பெரிய மாற்றம் வந்தது: ஒவ்வொரு கிக்-அவுட்டும் 40 மீட்டர் வளைவுக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். பக்கத்தில் நிற்கும் தடுப்பாளருக்குத் தள்ளிக் கொடுப்பது அதோடு முடிந்துவிட்டது. புது விதிகளை வகுத்த குழுவுக்குத் தலைவர் ஜிம் கேவின். கிளக்ஸ்டனைக் கேப்டனாக்கி, குறுகிய கிக்-அவுட்டால் ஐந்து கோப்பை தொடர்ந்து வென்ற அதே கேவின். அந்த விதி தேவைதான் என்று நான் நினைக்கிறேன். எல்லா அணியும் கிளக்ஸ்டனைப் போலச் செய்யப் பார்த்து, அவருடைய வேகமும் கண்ணும் இல்லாமல், பின்வரிசையில் பந்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே நேரம் கடத்திக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சலிப்பாகிவிட்டது. அவருடைய உதையில் அந்தச் சலிப்பு இருந்ததே இல்லை. பந்து போய்ச் சேர்ந்த இரண்டாவது நொடியில் டப்ளின் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் அவர் ஆடி ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், எல்லோரும் 2011 இறுதியைச் சொல்வார்கள். நான் 2016 அரையிறுதியைச் சொல்வேன். முழு ஆட்டமும் கிடைத்தால் நல்லது, தொகுப்பில் கிக்-அவுட்டுகளை வெட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு கேமரா கொண்டாடுகிறவரைக் காட்டும். அது முடிந்து திரும்பும்போது பந்து எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். முதல் பாதியின் கடைசி பத்து நிமிடத்தையும் இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.